ஜன்னலோரம் ஆறடி

என் பிள்ளையின் மூக்குக்குள் ஒரு பச்சை மணி போனதிலிருந்துதான் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கல்மண்டபம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதே, அந்த ராயபுரம் ஸ்டேஷன், அங்கிருந்து நடந்து வருகிற தூரம்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடிப் போர்ஷன். பத்துக்குப் பன்னிரண்டு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவே. அந்த ஹாலில்தான் பீரோ, டி.வி., அத்தையின் கட்டில், பிள்ளையின் தூளி எல்லாம். அதற்கு நடுவில் நான் ஆரி வேலை செய்துகொண்டிருந்தேன்!

ஆரி வேலை தெரியுமல்லவா? ரவிக்கைத் துணியை ஒரு சட்டத்தில் தம்பட்டம் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியால் நூலும் ஜரிகையும் மணியும் கோத்துப் பூ எழுப்புவது. வலது கை துணிக்கு மேலே, நூலைப் பிடிக்கும் இடது கை துணிக்குக் கீழே. கல்யாணப் பெண் ரவிக்கை என்றால் இப்போது ஆரி இல்லாமல் இருப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பே கற்றுக்கொண்டது. கையில் நாலு காசு பார்க்கலாம் என்பது ஒரு பக்கம். வெறும் துணியில் ஒரு மயில் தோகை விரிவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இன்னொரு பக்கம். அதைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது.

என் 'தொழிற்சாலை' எப்படி இருந்தது என்கிறீர்கள்? இரண்டு முக்காலியின்மேல் சட்டத்தை வைத்து, தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து உட்காருவேன். சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லாவற்றையும் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு இலை போட வேண்டும். மணிகளெல்லாம் தட்டிலும் கிண்ணத்திலும் திறந்து கிடக்கும். கழுத்துக்குப் பின்னால் ஒரு வலி, முதுகில் ஒரு வலி. 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஹும்!

அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். ஐந்து நிமிஷம் இருக்காது. திரும்பி வந்தால், ஒன்றரை வயசுப் பிள்ளை மணிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுகிறான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக என்னவோ மின்னுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கீழ் வீட்டு அக்கா நல்ல எண்ணத்தோடுதான் ஹேர்பின்னைக் கொண்டுவந்து நெம்பினார். அது இன்னும் உள்ளே போய்விட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா வளைந்த கம்பி மாதிரி ஒரு கருவியால் இரண்டே நிமிஷத்தில் எடுத்துவிட்டார். பிறகு எனக்கு விழுந்தது பாருங்கள் திட்டு! ஆனாலும் அதில் விஷயம் இருந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். குழந்தை மூக்கில் எதையாவது போட்டுக்கொண்டால் பின், தீக்குச்சி, பட்ஸ் எதைக் கொண்டும் நோண்டவே கூடாது. நோண்டினால் அது உள்ளே நழுவி மூச்சுக் குழாய் வரைக்கும் போகலாம். நேரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். போனது மணியாக இல்லாமல் பொம்மை, கடிகாரத்துக்குப் போடுகிற பொத்தான் பேட்டரி என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு சில மணி நேரத்திலேயே உள்ளே சதையை அரித்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தைக் கழற்றி, கயிறு கட்டிப் பரணில் போட்டார். "இனிமே இந்த வேலை வேணாம்" என்றார். நான் என்ன பதில் சொல்வேன்? தப்பு என்மேல்தான். ஆனால் பாதி முடிந்த ரவிக்கை ஒன்று பீரோவில் இருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு பெண்ணுக்கு எட்டு நாளில் முகூர்த்தம். ராத்திரி தூளியை ஆட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அத்தை ஆரம்பித்தார். இருபது வருஷம் பூக்கட்டிக் குடும்பம் நடத்தியவர் அவர்.

"டேய், நான் வாசப்படியில குந்திக்கினுதான் பூக் கட்னேன். போற வரவன் கால்லாம் எம்மேல படும். எனக்குன்னு ஓர் எடம் யாரு குட்தா? இட்ப்பு போனதுதான் மிச்சம். என் கட்ல எடுத்து அந்தாண்ட போடு. ஜன்னலாண்ட அவ உக்காரட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் துறைமுக வேலை முடிந்து வரும்போது ஒரு பழைய பிளைவுட் பலகையும் இரண்டு கீலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்படிக் கிடைத்ததுதான் ஜன்னலோரம் ஆறடிக்கு நாலடி. இடுப்பு உயரத்துக்கு ஓர் அரைக்கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். பிள்ளை வெளியே நின்று என்னைப் பார்க்கலாம், நானும் அவனைப் பார்க்கலாம், கை மட்டும் எட்டாது.

ஜன்னல் கிழக்குப் பார்த்தது. வலது கையால் வேலை செய்கிறவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் நம் கை நிழலே ஊசிமேல் விழும். அதனால் தெற்குப் பார்த்து உட்கார்கிறேன். "தெக்கப் பாத்தா உக்காருவாங்க?" என்று கீழ் வீட்டு அக்கா கேட்டார். "கண்ணு தெரியற பக்கம்தான் உக்காரணும்" என்று அத்தை முடித்துவிட்டார். பட்டுத்துணியில் நேர் வெயில் படக்கூடாது, சாயம் வெளுக்கும். வெள்ளை மல்துணியில் ஒரு திரை போட்டேன். கன்டெய்னர் லாரி போகிற ஊரல்லவா, வாரம் ஒருமுறை அதைத் துவைத்தால் வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமே! அதனால் வேலை இல்லாத நேரத்தில் சட்டத்தின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிடுகிறேன்.

தரையில் குனிவதை விட்டேன். சட்டத்துக்குக் கால் வைத்து, முழங்கை உயரத்துக்கு ஏற்றினோம். பிளாஸ்டிக் நாற்காலி, இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை. எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. கல்யாணத்தில் உட்கார்ந்த மணைப்பலகையைக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் கழுத்து வலி பாதி குறைந்தது. கண்ணுக்கு ஒரு கணக்கு: இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பார்ப்பது. எனக்கு எதிர் மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வாய்த்திருக்கிறது, அதன்மேல் காக்கா.

மத்தியானம் கடல்காற்று வரும். சுகம்தான், ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்து வரும். ஊசி இரண்டே நாளில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி பட்டில் இழை இழுத்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரு பொட்டுத் தடவி, இறுக மூடுகிற டப்பாவில் வைக்கிறேன். (தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும்.) மணிகளெல்லாம் திருகு மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலுக்குள். சட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு; சிந்தின மணி அதில் பளிச்சென்று தெரியும். ராத்திரி நாலு முனையும் சேர்த்துத் தூக்கி உதறிவிடுவேன். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த காந்தத்தைத் தரையில் ஓட்டினால் தப்பின ஊசி ஒட்டிக்கொள்ளும். என்னிடம் ஏழு ஊசி. ஏழும் எண்ணி வைத்தால்தான் அரைக்கதவு திறக்கும். எண்ணுவது நான், திரும்ப எண்ணுவது அத்தை!

1929-ல் இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் என்ற அம்மாள், எழுத நினைக்கும் பெண்ணுக்கு வருஷம் ஐந்நூறு பவுன் வருமானமும் பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்று எழுதினார். பூட்டுப் போட்ட அறை என்றால் எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான்! நம் திருவல்லிக்கேணி வை.மு.கோதைநாயகி அம்மாள் ஆரம்பத்தில் சரளமாக எழுதத் தெரியாமல், தோழி பட்டம்மாளிடம் கதையைச் சொல்லி எழுதச் சொன்னவர். பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவருக்கு ஒரு பட்டம்மாள். எனக்கு அத்தை.

இடம் கிடைத்தால் போதுமா, நேரம்? காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்று வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் கதவைத் தட்டுகிறவர்களுக்கெல்லாம் அத்தைதான் பதில். பிள்ளை தூங்காத நாளில் பத்தரைக்கே கடை மூடிவிடும். முதல் மாதம் அதற்காக எரிந்து விழுந்தேன், இப்போது இல்லை.

திருவொற்றியூர் ரவிக்கை முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தது. ஒரு பச்சை மணி குறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சில் சுற்றிக் கொடுத்ததை அதில் வைக்க மனசு வரவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் மணி வைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நாலு மணிக்கு மேல் ஜன்னலோரம் அத்தையுடையது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்து சாமிக்கு நாலு முழம் கட்டுகிறார். மறுநாள் காலை நான் வேட்டியை விலக்கினால் சட்டத்தின் ஓரத்தில் வாழைநார் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.