முள்ளெலி

திருநெல்வேலிச் சீமையிலுள்ள சிற்றூர் ஒன்றில், ஆசிரியர் ஒருவரின் தோட்டத்தில் ஓரிரவு சருகுகள் சலசலத்தன. பாம்போ என்று விளக்கை உயர்த்தினார். பூச்சி தேடி வந்த முள்ளெலி! புகைப்படக் கருவி பளிச்சிட்டதும் அது முகத்தை உள்ளிழுத்து முட்பந்தாயிற்று. படத்தில் விழுந்தது பந்து மட்டுமே. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் அறிஞர் விவரித்த இனம் இது. முள்ளம்பன்றி வேறு, இதுவோ இரு கைகளில் அடங்கும் சிற்றுயிர்.

“ஐயா, பேரனுக்குக் கக்குவான் இருமல், அந்த முள் வேண்டும்” என்று வந்தார் அண்டை வீட்டுப் பாட்டி. முள்ளைச் சுட்டுத் தேனிற் குழைத்துக் கொடுப்பது அப்பக்கத்து வழக்கம். முள்ளுக்காக உயிரே போய்விடும். ஆசிரியர் சிறுவனைத் தாமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

மறுநாள் இரவு, விளக்கைத் தணித்து அசையாதிருந்தார். நெடுநேரத்திற்குப் பின் வேலியோரம் கூர்மூக்கு ஒன்று நீண்டது. அன்றெடுத்த படத்தில் அதன் கண்கள் தெரிகின்றன.