ஏட்டின் ஓரப் பூக்கள்

பழைய மடல், மங்கிய ஒளிப்படம், திருமண அழைப்பிதழ், பயணச் சீட்டு என இவை யாவும் தனித்தனியே கிடக்குங்கால் வெறுந்தாள்கள். ஓர் ஏட்டில் ஒட்டி வைத்தாலோ, ஒரு குடும்பத்தின் வரலாறு ஆகிவிடும். மாணவர் 'ஸ்கிராப் புக்' என வழங்கும் இதனை யாம் நினைவேடு என்றே குறிக்க விழைகின்றோம். இஃது இளையோரின் பொழுதுபோக்கு எனக் கருதுவார் உளர். ஆயினும், அரண்மனை நூலகங்களில் வளர்ந்த கலை இது என்பதை வரலாறு காட்டுகின்றது.

பாரசீக, முகலாய அவைகளில் உருவான தொகுப்பேடுகளுக்கு 'முரக்கா' என்று பெயர். ஒட்டுப் போடப்பட்டது என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். சூஃபியாக்கள் அணிந்த ஒட்டுப் போட்ட அங்கிக்கும் அதுவே பெயர். பல காலத்தவர் வரைந்த ஓவியங்களும் எழுத்தணிகளும் அவ்வேடுகளில் ஒருங்கே ஒட்டப்பெற்றன. அளவாலும் நிறத்தாலும் மாறுபட்ட அத்துண்டுகளை ஒன்றுபடுத்தியவை, சுற்றிலும் தீட்டிய ஓர அணிகளே.

இவ்வணிக்கு ஆயிரம் உருக்கள் வேண்டுவதில்லை. ஷாஜஹான் காலத்துப் பூச்செடி ஒன்றையே காண்போம். அது ஏட்டின் ஓரத்தில் பொன்னும் வண்ணமுமாய் நின்றது, 1632ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய தாஜ்மகாலின் சுவரடியில் பளிங்குப் புடைப்பாய்ப் பூத்தது, துணியிலும் மலர்ந்தது. நம் ஏட்டிலும் அவ்வாறே. ஒரே பூவைப் பெரிதாக்கினால் பக்கத்தின் நடுவணி, சிறிதாக்கினால் மூலையணி, வரிசைப்படுத்தினால் கரை, மெல்லிய நிறத்தில் பரப்பினால் பின்புலம்.

எட்டு முனை விண்மீனும் இத்தகையதே. இரு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை மட்டும் 45 பாகை திருப்பினால் அவ்வுரு கிடைத்துவிடும். திருக்குர்ஆனின் 60 ஹிஸ்புகளில் ஒவ்வொன்றின் கால் பகுதியையும் குறிக்க அச்சுப் பிரதிகளில் அதனைக் காண்கின்றோம். ஆங்கு அஃது அழகோடு நில்லாமல், ஓதுவார்க்கு வழியும் காட்டுகின்றது.

உருவைப் படியெடுத்தலும் எளிதே. கோடுகள்மீது ஊசியால் துளையிட்டு, கரித்தூள் பொட்டலத்தால் ஒற்றியெடுப்பது முகலாய ஓவியர் கைக்கொண்ட முறை. மாணவர்க்குக் கெட்டி அட்டையில் வெட்டிய அச்சே போதும்.

எம் இல்லத்து நினைவேட்டுக்கு யாம் அவ்விண்மீனையே தேர்ந்தோம். பாட்டனார் பினாங்கிலிருந்து அரபுத்தமிழில் எழுதிய மடல் அதன் முதற்பக்கத்தில் உள்ளது. அதனை வாசிக்க வல்லார் எம் குடும்பத்தில் இன்று ஒருவரே. மடலின் ஒரு மூலையைக் கரையான் அரித்துவிட்டது. இரண்டு வரிகள் போயின. அவ்விடத்தில் பெரியதொரு பூவை ஒட்டிவிடலாம் என்றனர் இல்லத்துப் பிள்ளைகள். யாம் உடன்படவில்லை. இழந்தது இவ்வளவு என்பதை அவ்வெற்றிடமே வருவோர்க்குக் கூறும். விண்மீனை எதிர்ப்பக்கத்தின் மூலையில் சிறிதாய் அமைத்தோம்.

எமது தயக்கத்திற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. இளவரசர் தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானுவுக்கு ஒரு முரக்காவை அன்பளிப்பாக ஈந்தார். ஹிஜ்ரி 1056 (1646-47) எனக் குறித்து, தம் பெயரையும் அவர் பெயரையும் அதில் எழுதினார். அரியணைப் போரில் தோற்ற தாரா 1659இல் கொல்லப்பட்டார்; நாதிராவும் அவ்வாண்டிலேயே மறைந்தார். பின்னர் அவ்வரிகளின்மேல் பொன் பூசப்பட்டது. அவ்வேடு இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பூக்களும் பறவைகளும் பொலிவோடு விளங்குகின்றன. அன்போடு எழுதிய பெயர்களின்மீதோ பொன் படிந்துள்ளது. அழகூட்டும் பொன்னே மறைக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவச் செல்வங்களே! நினைவேடு தொகுக்கப் புகுவீராயின், ஓர் உருவைத் தேர்ந்து அதனையே பலவாறு ஆளுங்கள். ஒட்டும் தாளின் நிறத்தோடு அது ஒத்திருக்கட்டும். ஒளிப்படத்தின் அடியில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மையால் எழுதுங்கள். அவ்வெழுத்தின்மீது எந்தப் பூவும் படரவேண்டா. அரபுத்தமிழ் மடல்கள் உங்கள் இல்லப் பெட்டிகளிலும் இருத்தல் கூடும். வாசிக்க வல்ல பெரியோர் உள்ளபோதே அவர்தம் அருகமர்ந்து கேட்டு, அச்செய்தியைத் தமிழெழுத்தில் படியெடுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஓரத்துப் பூவை அதன்பின் வரைந்துகொள்ளலாம்.