குழியில் இருக்கிறது வேலை

தோள்பட்டை மாற்று ஆபரேஷனில் கை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. அது பொருந்தும் குழிதான் ஆளைச் சோதிக்கும். ஆழமே இல்லாத குழி. அதன் பின்னால் ஆணி பிடிக்க இருக்கும் எலும்பும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். மூட்டுவாதம் அதையும் அரித்திருந்தால்?

முதலில் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேயை நம்பி எங்கள் சார் கத்தியை எடுக்கமாட்டார். பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் ஜில் வால்ஷும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட வகைப்பாடுதான் எங்களுக்கு அரிச்சுவடி. குழி நடுவில் தேய்ந்தால் ஏ. பந்து பின்னால் சரிந்து, பழைய பரப்பை ஒட்டி இன்னொரு பள்ளம் தோண்டியிருந்தால் பி2. “பழசு எங்க முடியுது, புதுசு எங்க ஆரம்பிக்குது, காட்டுப்பா” என்பார். திரையில் விரல் வைத்துக் காட்டாமல் அடுத்த படத்துக்குப் போகவே முடியாது.

தியேட்டரில் வெகுகாலம் எனக்குத் தசையை விலக்கிவைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கும் வேலை. வெறும் எடுபிடி வேலை என்று கூடப் படித்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். தோள் தசையான டெல்டாய்டுக்கும் மார்புத் தசைக்கும் நடுவே புகுந்து, பந்தை வெட்டியெடுத்து, மூட்டின் உறையைச் சுற்றிலும் விடுவித்தால்தான் குழி முழுசாகக் கண்ணில் படும். கீழே ஆக்ஸிலரி நரம்பு ஓடுகிறது. அது எங்கே என்று என் விரலுக்குத் தெரிந்தது அந்த எடுபிடிக் காலத்தில்தான்.

அடுத்து, குழியைச் சீவும் ரீமர். ஓடாத ரீமரை எலும்பில் அழுத்திவிட்டு விசையைத் தட்டினால் கவ்விக்கொண்டு குழியையே உடைக்கும். சுழலவிட்டுத்தான் மெல்ல இறக்க வேண்டும். பின்பக்கம் தேய்ந்தால் மேடான முன்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்தலாம், சுமார் 15 டிகிரி வரை. அதற்குமேல் சீவினால் கெட்டி எலும்பு போய்விடும். பொருத்தியது நாளடைவில் ஆட்டம் காணும். தேய்மானம் அந்த அளவைத் தாண்டியிருந்தால், வெட்டியெடுத்த பந்திலிருந்தே ஒரு துண்டைச் செதுக்கி ஒட்டு வைப்போம், அல்லது ஒரு பக்கம் தடித்த அடித்தட்டு (பேஸ்பிளேட்). வயதானவர், தசைநாரும் கிழிந்திருக்கிறது என்றால் ரிவர்ஸ் முறை: பந்து குழிப்பக்கம், கிண்ணம் கைப்பக்கம். இதன் இன்றைய வடிவத்துக்கு அடிப்படை, பிரான்சின் டிஜான் நகரத்து பால் கிராமோன் 1985-இல் கொண்டுவந்தது. டெல்டாய்டு ஒன்றே கையைத் தூக்கும்.

இப்போது நோயாளியின் ஸ்கேனை வைத்தே 3டி பிரின்ட் கைடு செய்து தருகிறார்கள். வழிகாட்டும் கம்பி எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று அது சொல்லிவிடும். ஆனால் குழியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் திசுவைச் சுத்தமாக வழித்தெடுத்தால்தான் கைடு ஆடாமல் உட்காரும். அந்த வழிக்கும் வேலை இன்றைக்கும் என்னுடையதுதான்.