ரெண்டு காலும் ஊனுற உசரத்துல ஒரு வண்டி



மம்முட்டி வாங்கப் போனா கடையில தகடு மட்டும்தான் குடுப்பாங்க. புடி நாமதான் போட்டுக்கணும். உசரமான ஆளுக்கு ஒரு நீளம், குட்டை ஆளுக்கு ஒரு நீளம். எங்க அண்ணனோட மம்முட்டியை எடுத்து நான் ஒரு பொழுது வரப்பு கழிச்சா, மறுநாள் முதுகு நிமிராது. அந்தக் காலத்துல கலப்பைக்கு மேழி வைக்கறப்பவும் ஆசாரி ஓட்டற ஆளைப் பக்கத்துல நிக்க வச்சுத்தான் உசரம் பார்ப்பாரு. தோட்டத்துச் சாமான் எல்லாமே ஆளுக்குத் தக்கனதான். வண்டி மட்டும் எல்லாருக்கும் ஒரே உசரத்துல வருது.

என் உசரம் 5 அடி 1 அங்குலம். வயசு 56. வெறுங்கால்ல சுவத்தோட ஒட்டி நின்னு, ரெண்டு தொடைக்கு நடுவுல ஒரு அட்டை நோட்டை இடுக்கிக்கிட்டு, அதுல இருந்து தரை வரைக்கும் டேப் புடிச்சா 27½ அங்குலம் வருது. என்கிட்ட இருந்த பைக்கோட சீட்டு 31½ அங்குலம். நாலு அங்குலம் பத்தலை. நாம உக்கார்ந்தா வண்டி கொஞ்சம் அமுங்கும், செருப்பு கொஞ்சம் தூக்கும். அப்படியும் பெருவிரல்தான் தரையில படும்.

டவுன்ல சிக்னல்ல நிக்கற உங்களுக்கு அது போதும். தார் ரோடு சமமா இருக்கும். நான் நிறுத்தறது கீழ்பவானி வாய்க்கா மேட்டுல. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல மாட்டு வண்டித் தடம். சீட்டுக்குப் பின்னாடி பால் கேன். எதுக்கால ஆட்டுக்குட்டி ஓடி வந்து சட்டுனு நிறுத்தினா, கால் தேடற இடத்துல மண்ணு இருக்காது. இருவது வருஷமா எப்படியோ சமாளிச்சேன். இப்ப வலது முழங்கால்ல தேய்மானம். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அவரு சுலபமா சொல்லிட்டாரு. எங்க ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான். வண்டி ஓட்ட முடியாட்டி பால் சொசைட்டிக்கு, சந்தைக்கு, பேங்குக்கு எல்லாத்துக்கும் இன்னொருத்தன் மொகத்தைப் பார்க்கணும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒண்ணு இருந்துச்சு. எங்க வீட்டம்மா 4 அடி 10. அவங்களுக்கும் மூட்டு வலி. பைக்கோட பின் சீட்டு முன் சீட்டைவிட உசரம். ரெண்டு வருஷமா அவங்க என் பின்னாடி ஏறவே இல்லை. சத்தியமங்கலத்துல இருக்கற அவங்க அக்காவைப் பார்க்கணும்னா யாராவது கார் எடுக்கற வரைக்கும் காத்திருப்பாங்க. வாய் திறந்து கேக்க மாட்டாங்க.

அப்பத்தான் பழைய ஸ்கூட்டர் பார்க்கலாம்னு முடிவு பண்ணினேன். கியர் இல்லாத புது ஸ்கூட்டர் வாங்கினா என்னன்னு நீங்க கேக்கலாம். அக்கா பையனும் அதைத்தான் கேட்டான். எனக்கு விலை ஒரு காரணம். வழியில நின்னா எங்க ஊர் மெக்கானிக்கே கழட்டி மாட்டணும்ங்கறது இன்னொண்ணு. பஞ்சரானா மாத்திக்க ஸ்டெப்னி வேணும்ங்கறது மூணாவது.

நம்ம நாட்டுல பழைய வண்டிக ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறந்த ஊர் உண்டு. புல்லட் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு. ஜாவா செக்கோஸ்லோவாக்கியா. ராஜ்தூத்துக்கு மூலம் போலந்து வண்டி. இத்தாலியில இருந்து நமக்கு வந்தது ஸ்கூட்டரும், லூனாவும். லூனாவுக்கு மூலம் பியாஜியோ கம்பெனியோட சாவ்ங்கற மொபெட். இத்தாலியில மோட்டோ குஸ்ஸி, டுகாட்டின்னு பேர் போன மோட்டார் சைக்கிளும் உண்டு. 1921-ல ஆரம்பிச்ச குஸ்ஸி கம்பெனி ரொம்ப வருஷம் சிலிண்டரைப் படுக்க வச்சு வண்டி செஞ்சாங்க. பாரம் கீழயே இருக்கும். ஆனா அந்தப் பழசெல்லாம் எங்க பக்கம் கிடைக்கற சமாச்சாரமில்லை.

வெஸ்பா 1946-ல வந்துச்சு. பியாஜியோ அதுக்கு முன்னாடி விமானம் செஞ்ச கம்பெனி. போர்ல பொந்தேதேராங்கற ஊர்ல இருந்த அவங்க தொழிற்சாலை குண்டு விழுந்து நாசமாப் போச்சு. சனங்களுக்கு மலிவா ஒரு வண்டி வேணும்னு முதலாளி என்ரிக்கோ பியாஜியோ கேட்க, கொர்ராதினோ தஸ்கானியோங்கற இஞ்சினியர் வரைஞ்சு குடுத்தாரு. அவரு ஹெலிகாப்டர் செஞ்சு பார்த்த மனுசன். மோட்டார் சைக்கிள்னாலே அவருக்குப் புடிக்காது. ஏறி உக்கார்றது கஷ்டம், செயின் எண்ணெய் துணியில படும், டயர் கழட்டறது தொல்லைன்னு நினைச்சாரு. அதனால நடுவுல எதுவும் இல்லாம நேரா நுழைஞ்சு உக்கார்ற மாதிரி வச்சாரு. முன்னாடி சேறு அடிக்காம தகடு. கியர் இடது கையில. பாவாடை கட்டின பொம்பளையும் ஓட்டணும்னு அவங்க ஊருக்கு யோசிச்சது, வேட்டி கட்டின எனக்கும் பொருந்திப் போச்சு. வெஸ்பான்னா இத்தாலி மொழியில குளவின்னு அர்த்தம்.

அடுத்த வருஷமே, 1947-ல, மிலான்ல இன்னொசென்டி கம்பெனி லாம்பிரெட்டாவைக் கொண்டு வந்தாங்க. ரெண்டும் நம்ம ஊருக்கு வந்துச்சு. லாம்பிரெட்டாவை பம்பாய்ல செஞ்சாங்க. வெஸ்பாவை 1960-கள்ல பஜாஜ் உரிமம் வாங்கிச் செஞ்சாங்க. அது முடிஞ்சதும் 1972-ல அதே ஜாடையில சேத்தக். இத்தாலியில லாம்பிரெட்டாவை நிறுத்தினதும், அந்த மெஷினை நம்ம அரசாங்கமே வாங்கி லக்னோவுக்குக் கொண்டு வந்துச்சு. அங்க வந்ததுதான் விஜய் சூப்பர். 1980-கள்ல கான்பூர் எல்எம்எல், பியாஜியோவோட சேர்ந்து மறுபடி வெஸ்பா பேர்லயே வண்டி விட்டாங்க.

நான் பார்த்தது மூணு வண்டி.

முதல்ல கோபி பக்கத்துல ஒரு விஜய் சூப்பர். வண்டி ஓடுச்சு, ஆர்.சி. புக்கு ஓடலை. 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல புதுப்பிக்கணும். அதைச் செய்யாமலே விட்டிருந்தாங்க. வணக்கம் போட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது ஈரோட்டுல ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் வீட்டு லாம்பிரெட்டா. ஐயா அதைத் தொடச்சுத் தொடச்சே பளபளன்னு வச்சிருந்தாரு. லாம்பிரெட்டாவுல இஞ்சின் நடுவுல இருக்கு, அதனால பாரம் எந்தப் பக்கமும் சாயாது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு தனி சீட்டு. முன் சீட்டோட மூக்கு சைக்கிள் சீட்டு மாதிரி ஒடுக்கம். உக்கார்ந்தேன், ரெண்டு பாதமும் பாதிக்கு மேல ஊனுச்சு. டேப் வச்சுப் பார்த்தா 30 அங்குலம். எனக்கே ஆச்சரியமாப் போச்சு. பைக்குக்கும் இதுக்கும் ஒன்றரை அங்குலம்தான வித்தியாசம்?

நின்னு யோசிச்சப்பத்தான் புரிஞ்சுது. சீட்டு அகலமா இருந்தா தொடை வெளிய விரிஞ்சு, பாதி கால் நீளம் பக்கவாட்டுலயே போயிடுது. ஒடுக்கமா இருந்தா கால் நேராக் கீழ எறங்கும். இன்னொண்ணு, பைக்குல முன்னாடி டேங்கு தடுக்குது. ஸ்கூட்டர்ல நிறுத்தினதும் சீட்டை விட்டு முன்னாடி நகர்ந்து, ரெண்டு காலையும் தரையில பதிச்சு எழுந்தே நின்னுக்கலாம். குட்டை ஆளுக்கு அதைவிட என்ன வேணும்? கம்பெனிக்காரன் போடற உசரக் கணக்குல இது எதுவும் இருக்காது.

விலை பேசற நேரத்துல வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மிணி, நீயும் ஒருக்கா ஏறிப் பாரு." பின் சீட்டு முன்னதைவிட ரெண்டு அங்குலம் உசரம், அடியில ஸ்பிரிங்கு. ஒரு கையால என் தோளைப் புடிச்சாங்க, எம்புனாங்க, முடியலை. "நீங்க வாங்கிக்கங்க, உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது. நான் எப்பவாச்சுத்தான வர்றேன்" அப்படின்னாங்க.

வாத்தியார் என்னைப் பார்த்தாரு. "இன்னொரு நாள் வர்றேங்க ஐயா"ன்னு கும்புட்டுட்டுக் கிளம்பிட்டேன். அந்த வண்டி இன்னும் கண்ணுலயேதான் நிக்குது. ஆனா எனக்கு மட்டும் பொருந்தற வண்டியை வாங்கி, அவங்களை இன்னும் பத்து வருஷம் திண்ணையில உக்கார வைக்கறதுக்கு மனசு வரலை.

மூணாவது காங்கயம் பக்கத்துல ஒரு எல்எம்எல் வெஸ்பா, 1991 மாடல். பெயிண்ட் மங்கல், பேப்பர் சுத்தம். 35,000 சொன்னாங்க, 31,000-க்கு முடிஞ்சுது. ஒரே நீளச் சீட்டு, பின்னாடியும் உசரம் ஏறலை. இடது பக்கம் பொம்பளைங்க கால் வைக்கற படி இருந்துச்சு. வீட்டம்மா படியில ஒரு கால் வச்சு, திரும்பி, உக்கார்ந்துட்டாங்க. யாரும் கை குடுக்கலை.

ஒருபக்கமா உக்கார்றது ஆபத்துன்னு நீங்க சொல்லுவீங்க, நியாயந்தான். சேலை கட்டி மூட்டு வலியோட இருக்கறவங்களுக்கு வேற வழி தெரியலை. அதனால ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், முப்பதைத் தாண்டறதில்லை.

இதுல எனக்குத்தான் கொஞ்சம் கஷ்டம் இருந்துச்சு. நீளச் சீட்டு முன்னாடியும் அகலம். ஈரோட்டுல சீட்டு தைக்கற தம்பிகிட்டக் கொண்டு போனேன். முன்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒரு அங்குலம் ஸ்பாஞ்சைச் சீவி, மேல முக்கால் அங்குலம் எறக்கி, மறுபடி உறை தச்சுக் குடுத்தாரு. 900 ரூபா. பின்பக்கத்தைத் தொடவே விடலை. வெஸ்பாவுல இஞ்சின் வலது பக்கம் தொங்குது, அதனால வண்டி லேசா அந்தப் பக்கம் இழுக்கும். கால் பிரேக்கும் வலதுலதான். அதனால நிறுத்தறப்ப இடது காலைத்தான் ஊனணும். என் நல்ல கால் அதுதான்.

குறையும் சொல்லிடறேன். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தணும், பொகை வரும். மழை நாள்ல பத்து ஒதை கேட்கும். சின்னச் சக்கரம், குழியில விழுந்தா இடுப்பு சொல்லும்.

போன பங்குனியில ரெண்டு பேரும் சத்தியமங்கலம் போயிட்டு வந்தோம். அதுக்கப்புறம் போக வேண்டிய நாளை அவங்களே சொல்றாங்க. போன வாரம் ரெண்டு தடவை.

பழைய வண்டி பார்க்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். டேப் எடுத்துட்டுப் போங்க. ஆர்.சி. புக்குல இருக்கற இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியோட ஒத்துப் பாருங்க. நீங்க தினமும் நிறுத்தற மாதிரி மேடு பள்ளத்துல ஒருக்கா நிறுத்திப் பாருங்க. அப்புறம், பின்னாடி உக்காரப் போறவங்களையும் கையோட கூட்டிட்டுப் போங்க. அவங்க ஏறி உக்கார்ந்த பின்னாடி விலை பேசுங்க.