ராயபுரம் டு எண்ணூர்: கார் சக்கரம் கத்தினால் என்ன அர்த்தம்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதனால் சக்கரச் சத்தம் இந்த ஊர்க்காரர்களின் காதுக்குப் புதிதல்ல. ஆனால், ரயில் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்வது. அது கீச்சிடுவது சகஜம். கார் அப்படியல்ல. காரில் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டால், உள்ளே ஏதோ ஒன்று தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ராயபுரத்தில் இருந்து காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழி, வாகனங்களின் பூமி. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்ததுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அதே திருவொற்றியூரில் 1955-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி, பிறகு அசோக் லேலண்டாக மாறி லாரி, பஸ்களுக்குப் பெயர் வாங்கியது. ஆனால், வாகனம் செய்யும் இந்த ஊரே வாகனத்துக்குச் சோதனையும் வைக்கிறது. ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள். நடுவில் மணல், பள்ளம், மழை வந்தால் தேங்கும் தண்ணீர். இங்கே ஓடும் கார் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடும். எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

காலையில் மட்டும் வரும் கரகர

ராத்திரி முழுக்கக் கடற்காற்றில் நின்ற காரை காலையில் எடுத்ததும், பிரேக் மிதித்தால் 'கரகர'வென்று உரசும். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. ஈரமும் உப்பும் பட்டால் ஒரே இரவில் மேலே மெல்லிய துரு படிந்துவிடும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் பிரேக் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும், சத்தமும் நின்றுவிடும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. தெருமுனை தாண்டியும் நிற்காமல் தொடர்ந்தால்தான் காட்ட வேண்டும்.

மழையில் நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால், பின்சக்கர டிரம்முக்குள் லைனிங் ஒட்டிக்கொள்ளலாம். கிளம்பும்போது 'டக்' என்று விடுபடும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது நல்லது. நிறுத்துவதற்கு முன் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்தால், ஈரமும் காய்ந்துவிடும்.

கீச்சென்று கத்தினால்

பல கார்களின் பிரேக் பேடில் சின்னதாக ஒரு தகடு இருக்கும். பேடின் கனம் 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசி, காதைக் குடையும் மாதிரி கீச்சிடும். 'பேடை மாற்று' என்று சொல்வதற்காகவே வைத்த ஏற்பாடு அது. இந்தக் கட்டத்தில் மாற்றினால் பேடின் செலவோடு முடிந்தது.

மாற்றாமல் ஓட்டினால் கீச் ஒருநாள் 'கொரகொர' ஆகும். பேடில் உரசும் பொருள் முழுவதும் தீர்ந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கிறது என்று அர்த்தம். இனி டிஸ்க்கும் சேர்ந்து செலவில் வரும். அதைவிட முக்கியம், கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இந்தச் சத்தத்தோடு வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகாமல், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே சரி.

பிரேக் மிதிக்காமலே உரசினால்

சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப 'சர்ர்ர்' என்று தகரம் உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகரத் தடுப்புக்கும் நடுவில் ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கலாம். ஜல்லியும் மணலும் சிதறிக் கிடக்கும் சாலையில் இது அடிக்கடி நடக்கும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். கல்லை எடுத்தால் சரியாகிவிடும்.

உரசலோடு கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, கருகிய வாடை வருகிறதா, ஒரு சக்கரம் மட்டும் அனலாகச் சுடுகிறதா? பிரேக் முழுசாக விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கைவைத்துப் பார்க்கக் கூடாது. அருகில் உள்ளங்கையைக் காட்டினாலே சூடு தெரியும்.

வேகம் ஏற ஏற விமானம் போல 'ஊம்ம்' என்ற இரைச்சல் கூடினால், வீல் பேரிங் மேல் சந்தேகப்படலாம். வலப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் இடது சக்கரங்களின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக் டக் டக்' என்றால், என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் மூட்டு தேய்ந்திருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற கார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். வெறும் தண்ணீரில் நனைந்த பிரேக் காய்ந்ததும் பழையபடி பிடிக்கும். எண்ணெய் ஊறிய பேடும் லைனிங்கும் அப்படியல்ல. சத்தமே இல்லாமல் வழுக்கும். துடைத்துப் போடாமல் புதிதாக மாற்றிவிட வேண்டும். கீச் சத்தத்தை அடக்குகிறேன் என்று பிரேக்கில் எண்ணெய் அடிப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் செய்வதும் இதே ஆபத்தைத்தான்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

'ஏதோ சத்தம் வருது' என்றால் நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டியதுதான். கூலியும் நேரமும் வீண். போவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை போல ஆளில்லாத நேரத்தில், நீளமான மதில் சுவர் உள்ள தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். பிரேக் மிதித்தால் வருகிறதா, விட்டால் வருகிறதா? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். ஒரு 40 அடி கன்டெய்னரின் நீளமே 12 மீட்டர்தான். எண்ணூர் சாலையில் முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், நடுவில் குடும்பத்தோடு ஒரு கார் என்பது அன்றாடக் காட்சி. முன்னால் போகும் டிரெய்லர் சட்டென்று நின்றால், பிரேக் ஒரு நொடி தாமதித்தாலும் தாங்காது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து சக்கரத்தின் சத்தத்தை மறைக்காமல், வாரம் ஒருமுறையாவது ரேடியோவை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாலே போதும். பிரேக் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்.