பலாப்பழ ஊரும் பொமரேனியன் பல்லும்

வைகாசி, ஆனியில் பண்ருட்டியில் இறங்கினால் பலாப்பழ மணம்தான் முதலில் வரவேற்கும். காடாம்புலியூர் வழியாக முந்திரித் தோப்புகளைத் தாண்டிப் போனால் நெய்வேலி நகரியம். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின் எழுந்த ஊர். வட்டங்களாகப் பிரித்த வீதிகள், வரிசை வீடுகள், மர நிழல். சில வாசல்களில் குட்டி பொமரேனியன் ஒன்று குரைத்து 'வாங்க' சொல்லும்.

கொஞ்சும்போது அதன் வாய் நாறுகிறதா? "நாய்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வாயில் 42 பற்கள் நெருக்கி நிற்பதால் இடுக்கில் அழுக்குப் படியும். துலக்காவிட்டால் சில நாட்களிலேயே அது கல்லாக இறுகிவிடும். பிறகு ஈறு வீங்கி, பல் ஆட ஆரம்பிக்கும். வாயில்லாத ஜீவன், வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது; சாப்பிடாமல் ஒதுங்கும்.

முதலில் ஈரத்துணி சுற்றிய விரலால் தேய்த்துப் பழக்குங்கள். பிறகு குழந்தைகளின் மிருதுவான பிரஷ்ஷால், நாய்க்கென்றே விற்கும் பற்பசையைத் தொட்டு, தினமும் பல்லின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். நம் பற்பசை கூடவே கூடாது. சிலவற்றில் கலந்திருக்கும் சைலிடால் என்ற இனிப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். இறுகிப்போன கல்லை நாமே சுரண்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பண்ருட்டிப் பலா வாங்கி வந்தால் இன்னொன்று: கொட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்.