படகின் உள்பக்கம்

அப்பாவின் படகை விற்றுவிடலாம் என்று சொல்வதற்காகத்தான் போன மே மாதம் நாகப்பட்டினத்துக்குப் போனேன். அவருக்கு 64 வயது, ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்னாடியே அவர் சொன்னார்: "உள்பக்கம் மட்டும் பாத்துட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்டா. நீ ரெண்டு வாரம் இருப்பல்ல?"

சுனாமிக்கு முன் எங்கள் ஊரில் கட்டுமரம்தான் அதிகம். இந்த 28 அடி ஃபைபர் படகு 2005இல் நிவாரணமாக வந்தது. கடற்கரை முழுக்க ஒரே சமயத்தில் படகு தேவைப்பட்ட வருஷம் அது. அவசரத்தில் செய்துகொடுத்தவற்றில் பல சீக்கிரமே பல்லை இளித்தன. எங்களுடையது எப்படியோ தாக்குப்பிடித்தது. வெளிப்பக்கத்துக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பார். உள்ளே யாரும் பார்த்ததில்லை.

ஃபைபர் அழுகாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்குள் வைத்த மரம் அழுகும். தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்து மூடியிருப்பார்கள். ஒரு ஸ்க்ரூ ஓட்டை போதும், தண்ணீர் மெதுவாக உள்ளே போய் அங்கேயே குடியிருக்கும். அப்பா ஒரு ரூபாய் நாணயத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். 'டக்' என்று கேட்டால் நல்ல இடம். 'தொப்' என்று கேட்ட இடங்களில் நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். முடித்துப் பார்த்தால் அணியத்திலிருந்து இன்ஜின் வரைக்கும் வட்டம்.

கிரைண்டரால் அறுத்துத் திறந்தோம். கறுப்புத் தண்ணீர் பக்கெட் பக்கெட்டாக வந்தது. குறுக்குச் சட்டங்கள் ஊறவைத்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தன. சில இடங்களில் தெர்மாகோலே இல்லை, வெறும் பொந்து. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். இடையில் எதுவும் வைக்காமல் மேலேயே ரெசினை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அரிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணாடி இழைத் தூள் முழுக்கைச் சட்டைக்குள்ளும் புகுந்துவிடும். முதல் நாள் வெந்நீரில் குளித்து மாட்டிக்கொண்டேன், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமாம். ரெசின் வேலை தெரிந்த ஒரு அண்ணன் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட வேண்டும், ஹார்ட்னர் அப்புறம்தான். அந்த இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். மே வெயிலில் ஒரு கிலோவுக்கு 10 மில்லி ஹார்ட்னரே அதிகமாகத் தெரிந்தது. போன் வந்து இரண்டு நிமிஷம் திரும்பினேன், அதற்குள் மக்கிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. அதற்கப்புறம் காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான் மேட் ஒட்டினோம். ஒன்பதரைக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங்.

என் வேலையே பழைய மென்பொருளில் மற்றவர்கள் போட்ட ஒட்டுகளைப் பிரிப்பதுதான். யார், எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பார்த்துத் திட்டுவோம். படகிலும் அடுக்கடுக்காக ஒட்டுகள் இருந்தன: எம்-சீல், தார், சைக்கிள் ட்யூப். எல்லாம் அப்பாவின் கை. பின்பக்கம் இன்ஜின் மாட்டும் பலகைக்கு உள்ளே, ஒரு முழம் நீள விரிசல் மேல் ஃப்ளெக்ஸ் பேனர் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டினால் ஒரு வேட்பாளரின் காது, பக்கத்தில் 2011.

அந்த விரிசல் கையை விடும் அளவுக்கு இருந்தது. இன்ஜினின் மொத்த எடையும் அதன் மேல்.

"இதோடவா கடலுக்குப் போனீங்க?"

"அடுத்த வருஷம் சரி பண்ணலாம்னு இருந்தேன். அப்பதான் நீ லேப்டாப் கேட்ட."

குற்றமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். 2011இல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அவர் வாங்கி வந்த மாடலில் ரேம் கம்மி என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கிரைண்டரை ஆன் செய்தேன்.

அந்தப் பலகையை முழுதாக எடுத்துவிட்டுப் புது மரைன் ப்ளைவுட் வைத்து, நாலு அடுக்கு மேட் போட்டோம். பொந்துகளில் பியூ ஃபோம். கடைசியாக மெழுகு கலந்த வெள்ளைப் பூச்சு. மெழுகு இல்லாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். அந்தக் காது போட்ட துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. குப்பையில்தான் போயிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் படகை இறக்கினோம். வழக்கமாகத் தள்ளுவதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று அப்பா அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தார். முதல் தள்ளிலேயே நகர்ந்தது. "ஊறின தண்ணியத்தான் இத்தனை வருஷம் தள்ளிக்கிட்டிருந்தோம் போல" என்றார் யாரோ. எட்டுப் பேரே போதுமாக இருந்தது. மிச்சம் நாலு பேர் சும்மா கை வைத்துக்கொண்டு கூடவே நடந்தோம்.

விற்கிற பேச்சை நான் இன்னும் எடுக்கவில்லை.